போனை எங்கே சார்ஜ் போடுவீர்கள்?

2024 ஜூன் 12, புதன்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் முக்கால் அளவு இருந்தது, மோட்டார் போடவில்லை. முப்பது நிமிட நடை. இட்லி நான்கு. 9.15-க்குக் குமணன்சாவடியில் கடையைத் திறந்தேன். என்னோடு வேலை பார்க்கும் சேகர் 9.35-க்கு வந்தான். இருபது நிமிடத் தாமதத்துக்கு நசரத்பேட்டை சிக்னலைக் காரணம் சொன்னான். அன்றைக்கு இரண்டு வேலை ஒப்புக்கொண்டிருந்தோம்: திருமழிசையில் ஒரு பட்டறைக்குக் கேமரா, அம்பத்தூரில் ஒரு வீட்டுக்கு ரவுட்டர். இரண்டும் நடக்கவில்லை.

இதை என் டைரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். முழங்கால் ஏணிக்கு ஒத்துவராததால் சென்ற ஆண்டு கடையைச் சேகரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அதன் பிறகு சேர்ந்தவர்கள் நீங்கள். ஒவ்வொரு வீட்டிலும் நீங்கள் நிரப்பும் தாளில் ஏழாவது கேள்வியாக, "போனை எங்கே, எந்த நேரத்தில் சார்ஜ் போடுவீர்கள்?" என்று இருக்கிறது. அதைக் கேட்டால் வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள், எடுத்துவிடலாமா என்று உங்களில் ஒருவர் சேகரிடம் கேட்டதாக அறிந்தேன். சேகர் பதில் சொல்லாமல் என்னைக் கைகாட்டிவிட்டான். அந்தக் கேள்வி தாளில் ஏறிய கதையை நானே சொல்வதுதான் சரி, ஏனென்றால் அதற்குக் காரணமான தவறு என்னுடையது.

அன்று 11.10-க்குக் கோகிலா என்பவர் அழைத்தார். நசரத்பேட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். ஈரோட்டுக்காரர். அவரும் கணவர் பிரபுவும் அம்பத்தூரில் வெவ்வேறு மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். இனியா என்று ஐந்து வயதுப் பெண் குழந்தை. மூன்று மாதம் முன்பு, மார்ச் 10-ஆம் தேதி ஞாயிறன்று, அவர்கள் வீட்டில் ஸ்டோரேஜ் பெட்டி வைத்துக் கொடுத்திருந்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: ரவுட்டர் பக்கத்தில் இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி, போனில் ஓர் ஆப், போன் வீட்டு வைஃபையில் இருக்கும்போது படங்களும் வீடியோக்களும் தாமாகவே பெட்டிக்குப் போய்ச் சேரும்.

"சார், வீடியோ ஒண்ணும் பெட்டில இல்லைங்க சார்."

"எந்த வீடியோம்மா?"

"எதுவுமே இல்லைங்க. நீங்க வந்து வெச்சிட்டுப் போன அன்னிக்கு எடுத்த போட்டோவோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் எதுவுமே ஏறலைங்க சார்."

"போன்ல இருக்கில்ல?"



"போன்ல நான் டெலீட் பண்ணிட்டேன் சார். இடமே இல்லைன்னு வந்துச்சு. பெட்டில பத்திரமா இருக்குதுன்னு நினைச்சு, ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் அழிச்சுட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாக்டரைப் பாக்கோணும்."

அது என்ன வீடியோ என்று அப்போதுதான் சொன்னார். இனியாவுக்கு வலிப்பு. கீழே விழுந்து துடிக்கும் வகை அல்ல. விளையாடிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. சில சமயம் வலது கை மட்டும் நடுங்கும். டாக்டர் மருந்து கொடுத்து, ஒவ்வொரு முறையும் வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு மருந்தைக் குறைப்பதா கூட்டுவதா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அந்த மருந்தில் குழந்தை வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். குறைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கோகிலா பதினேழு வீடியோ எடுத்து வைத்திருந்தார். பள்ளி திறந்த வாரம் அது; டாக்டரைப் பார்ப்பதற்காக அன்று தாயும் மகளும் விடுப்பில் இருந்தார்கள்.

"போன்ல புதுசா எதையும் எடுக்காதீங்க, வரோம்" என்று சொல்லிவிட்டு, திருமழிசைக்கும் அம்பத்தூருக்கும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். 11.50-க்கு அவர் வீட்டில் இருந்தோம்.

முதலில் பெட்டியைப் பார்த்தேன். பழுதில்லை. டிஸ்க் இரண்டும் நலம். வைஃபை சரி. பிறகு போனில் ஆப்பைத் திறந்தேன். கடைசியாகப் படம் போய்ச் சேர்ந்தது மார்ச் 10, பகல் 12.20 என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே நான் தேர்ந்தெடுத்து வைத்த இரண்டு நிபந்தனைகள்: வீட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டும், சார்ஜ் ஏறும்போது மட்டும். இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறை சொல்வார்கள். அதனால் எல்லா வீட்டிலும் யோசிக்காமல் அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் கட்டில் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத்தானே தூங்குகிறார்கள்?

"போனை எங்கம்மா சார்ஜ் போடுவீங்க?"

"ஆபீஸ்லதாங்க சார்."

"வீட்ல?"

"கட்டிலுக்குப் பக்கத்துல ஒரே பிளக்குதாங்க. அதுல கொசு மெஷின் போட்டிருக்கு. எடுத்தா பாப்பாவ கடிச்சு எடுத்துரும். லீவு நாள்ல கிச்சன்ல மிக்ஸி பிளக்குல போடுவேன்."

சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். லிப்ட் சுவரை ஒட்டிய அறை. அங்கே வைஃபை ஒரு கோடுகூட வரவில்லை. படுக்கையறையில் வைஃபை நன்றாக வந்தது; பிளக்கில் கொசு மெஷின் பச்சை விளக்குடன் எரிந்துகொண்டிருந்தது.

ஆக, அந்தப் போன் சார்ஜ் ஏறும் இடத்தில் வீட்டு வைஃபை இல்லை. வீட்டு வைஃபை உள்ள இடத்தில் அது சார்ஜ் ஏறவில்லை. மூன்று மாதத்தில் ஒரு முறைகூட இரண்டும் ஒன்றாக நடக்கவில்லை. என் கருவிகள் அனைத்தும் நான் சொன்னபடி சரியாகத்தான் வேலை செய்திருந்தன.

கோகிலா கணவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பிரபுவின் குரல் உயர்ந்துவிட்டது.

"உன்னை யாரு டெலீட் பண்ணச் சொன்னது? ஒரு தடவை திறந்து பாத்துட்டு அழிச்சிருக்கக் கூடாதா?"

"தெரியலைங்க. போயிருச்சுன்னுதான் நினைச்சேன்."

"டாக்டர்கிட்ட என்னத்தைக் காட்டறது இப்போ?"

கோகிலா ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தார். இனியா தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கும். அழிந்துபோனதைத் தோண்டி எடுக்கப் பார்ப்பது ஒன்று. அது வேறு எங்கேயாவது போயிருக்கிறதா என்று தேடுவது இன்னொன்று. இன்றைய போன்களில், குப்பைத்தொட்டியையும் காலி செய்து மூன்று நாள் புழங்கிய பிறகு, முதல் வழியில் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஐந்து மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம்தான் இருந்தது என்பதும் தெரியும். நான் பிரபுவிடம், "சார், இந்த வீடியோல எதையாவது உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காங்களா, பழைய மெசேஜ் எல்லாத்தையும் பாருங்க" என்று கேட்டேன். அது சரியான கேள்வி. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

சேகர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். "போனை இப்டி குடுங்கம்மா. ரெக்கவரி சாஃப்ட்வேர் ஒண்ணு கீது, ஓட்டிப் பாத்துடலாம்."

கோகிலாவின் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. வராது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேகர் போனை அவர் கையிலிருந்து வாங்கி, கேபிளில் மாட்டி, சாப்பாட்டு மேசையில் வைத்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டைரியில் நேரம் எழுதியிருக்கிறேன்: 12.35.

அவர் குழந்தைக்குச் சோறு பிசையச் சமையலறைக்குப் போனார். சேகர் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இதுல நம்ம மேல தப்பு இன்னா கீது அண்ணாத்தே? செட்டிங் கரெக்டா கீது. அவுங்க சார்ஜ்ல போடல. கஸ்டமர் மிஸ்டேக்னு எழுதிக்கினு போலாம்."

எழுதுவதற்காகத்தான் டைரியைத் திறந்தேன். அதற்கு முன் மார்ச் 10-ஐப் புரட்டினேன். எதை எழுதினாலும் பழைய பக்கத்தோடு ஒத்துப் பார்ப்பது என் வழக்கம். என் கையெழுத்தில் இப்படி இருந்தது:

"நசரத்பேட்டை, கோகிலா. ஹாலில் என் சார்ஜரில் போனைப் போட்டுச் சோதித்தேன். 43 படம் போய்ச் சேர்ந்தது. சார்ஜர் எப்போதும் சொருகி இருக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், தானாகப் போகும் என்றேன். சார்ஜரை மறந்துவிட்டுக் குமணன்சாவடி வரை வந்து, திரும்பிப் போய் எடுத்தேன்."

இரண்டு முறை படித்தேன். அவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வியை, சரியான நாளில். கிளம்பும் அவசரத்தில் நான் தப்பான பதிலைச் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு, அதைத் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். சோதனைக்கு உதவிய சார்ஜரையும் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பக்கத்தைச் சேகரிடம் நகர்த்தினேன். படித்தான்.

"அவுங்களுக்கு இது ஞாபகம் இல்ல" என்றான்.

"எனக்கும் இல்லை. இதுல இருக்கு."

"அத்த மூடி பைல வையி அண்ணாத்தே. டைரி எழுதறவன்லாம் இன்னா, மாட்டிக்கறதுக்கா எழுதறான்?"

அவன் கெட்டவன் அல்ல. அன்றைக்கு எங்கள் கடையைக் காப்பாற்றப் பார்த்தான். நாங்கள் பெட்டி வைத்த வீடுகள் பலவும் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தவை. அந்தக் குடியிருப்பிலேயே ஆறு வீடு எங்களுடையது. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்பது உண்மை. நானும் டைரியை மூடினேன். பைக்குள் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது மூடிகள் உருளும் சத்தம் கேட்டது. இனியா கையில் ஒரு நீல மூடியோடு அப்படியே இருந்தாள். கண் என் பக்கம் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வலது கை மட்டும் மெதுவாக நடுங்கியது.

"பாப்பா" என்றபடி கோகிலா சோற்றுக் கையோடு ஓடி வந்தார். இடது கையால் குழந்தையின் முதுகைத் தாங்கிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "போன்! போனைக் குடுங்க!"

சேகர் கேபிளைப் பிடுங்கினான். திரை பூட்டிக் கிடந்தது. அவன் அதைக் கொண்டுபோய் நீட்டுவதற்குள் இனியா கண்ணைச் சிமிட்டினாள். மூடியைப் பார்த்தாள். அடுக்கில் அடுத்ததாக வைத்தாள்.

"நாப்பது செகண்ட்" என்றார் கோகிலா, யாரிடமும் அல்லாமல். "கை நடுங்கிச்சு. ஒரு மாசமா இல்லாம இருந்துச்சு."

அதுவரை எனக்கு அவை பதினேழு வீடியோ. எவ்வளவு இடம் பிடிக்கும், போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும் என்றுதான் அவற்றைப் பற்றி நினைத்திருந்தேன். பதினெட்டாவது என் கண் முன்னால் நடந்தது. அதையும் எடுக்க விடாமல் போனை வாங்கி வைத்திருந்தவர்கள் நாங்கள்.

சேகர் லேப்டாப்பை மூடினான். என் மடியில் இருந்த டைரியைப் பார்த்தான்.

அவர் கை கழுவி வரும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து நின்று சொன்னேன்.

"அம்மா, ரெண்டு விஷயம் சொல்லணும். அழிஞ்ச வீடியோ போன்லேர்ந்து திரும்பி வராது. அது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் உங்க போனை வாங்க விட்டேன், அது தப்பு. இன்னொண்ணு, மார்ச் மாசம் நான் வந்தப்போ, சார்ஜர் எப்பவும் சொருகி இருக்கணுமான்னு நீங்க கேட்டீங்க. வேண்டாம்னு சொன்னது நான். இதோ, எழுதி வெச்சிருக்கேன்."

டைரியை வாங்கி நின்றுகொண்டே படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"நான் கேட்டிருக்கேனுங்களா சார்?" என்றார்.

"கேட்டீங்கம்மா."

மறுபடியும் அந்த வரியைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை அழித்ததைப் பெட்டியில் காணவில்லை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு போனைக் கையில் எடுத்தார்.

"இதை அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். அதே வார்த்தைகளில், ஸ்பீக்கரில். பிரபு கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் குரல் மாறியிருந்தது.

"கோகி, நீ எனக்கு ஆறு வீடியோ அனுப்பியிருக்கே. நாலு இருக்கு. ரெண்டு வரமாட்டேங்குது."

"ஏங்க?"

"நான் அப்பவே திறக்கலை. ஏப்ரல்ல, ரிலீஸ் டைம், மீட்டிங்ல இருந்தேன். அப்புறம் பாக்கலாம்னு விட்டுட்டேன். இப்போ தட்டினா, திரும்ப அனுப்பச் சொல்லுங்கங்குது."

"சரி, அந்த நாலை அனுப்புங்க" என்றார் கோகிலா.

1.20-க்கு நான்கும் வந்தன. பள்ளியில் வகுப்பு மிஸ் ஒரு முறை அவரே எடுத்து வைத்திருந்தது நினைவுக்கு வந்து, அவரிடம் கேட்டு வாங்கினோம். அது ஐந்தாவது. வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டித் தாள்களில் சிலவற்றைக் கோகிலா கிழித்துச் சேர்த்து வைத்திருந்தார்; பின்புறத்தில் நேரமும் வினாடியும் பென்சிலில் இருந்தன. எல்லாவற்றுக்கும் எழுதவில்லை. வீடியோதான் இருக்கிறதே என்று ஏப்ரல் மாதத்தோடு நிறுத்தியிருந்தார். இருந்தவற்றைத் தேதி வரிசைப்படுத்தி ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். சற்று முன் நடந்ததை அவர் சொல்லச் சொல்லக் கடைசி வரியாகச் சேர்த்தேன்: "வீடியோ இல்லை. 40 வினாடி. வலது கை."

இதற்கிடையில் சேகரைக் காணவில்லை. இரண்டரைக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஹார்டுவேர் கடையிலிருந்து மூன்று துளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றோடு வந்தான். கேட்காமல் படுக்கையறைக்குப் போனான். கொசு மெஷினை ஒரு துளையில் மாட்டி, பக்கத்தில் போனைப் போட்டான். மிஸ் அனுப்பிய வீடியோ பெட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் அதோடு விடவில்லை. வீட்டிலிருந்த டிவியில் பெட்டியைத் திறந்து, அதைக் கடைசி வினாடி வரை ஓடவிட்டுப் பார்த்தான். "போச்சுன்னு டிக் காட்டினா மட்டும் போதாது அண்ணாத்தே, திரும்ப வருதான்னு பாக்கணும்" என்றான். எட்டு வருடமாக நான் சொல்லாமல் விட்டதை அவன் எனக்குச் சொன்னான். இப்போது உங்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான்.

நான்கு மணிக்குப் பிரபு வந்து இருவரையும் அழைத்துப் போனார். வாசலில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நட்பாக அல்ல, வெறுப்பாகவும் அல்ல.

இரவு 7.50-க்குக் கோகிலா அழைத்தார். டாக்டர் ஐந்தையும் பார்த்தார், தாளையும் படித்தார். அவை ஏப்ரல் வரைக்கும்தான் ஏதோ சொல்கின்றன, மே மாதம் முழுக்க என்ன நடந்தது என்று பார்க்காமல் மருந்தைத் தொட மாட்டேன் என்றார். அதே அளவு, இன்னும் ஒரு மாதம். மறுபடியும் வீடியோ.

"அந்த மே மாச வீடியோலதாங்க சார் கை நடுங்காம இருந்துச்சு" என்றார் கோகிலா. "பரவாயில்லை. இனி எடுக்கறேன். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. இல்லீன்னா காலத்துக்கும் நானே அழிச்சேன்னுதான் இருந்திருக்கும்."

அவர் ஆறுதலாகச் சொன்னதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிய வகுப்பின் முதல் மாதத்தை அந்தக் குழந்தை தூங்கிக் கழிக்கப் போகிறாள். என் ஒரு சொல்லின் விலை அது. பிழையை ஒப்புக்கொண்டால் பிழை சரியாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிழை அப்படியேதான் இருக்கும். அதைச் செய்யாத ஒருவர் அதைச் சுமக்காமல் இருப்பார், அவ்வளவுதான். அதுவே நமக்குப் போதுமான காரணம்.

படுக்கப் போகுமுன் டைரியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, நான் பெட்டி வைத்த வீடுகளைப் பட்டியலிட்டேன். நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் அதே இரண்டு நிபந்தனை. எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

ஜூன் 13, வியாழன். 5.40-க்கு எழுந்தேன். நடைக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு முன் யாரையும் அழைப்பது முறையல்ல என்பதால் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். ஏழுக்கு முதல் பெயரை அழைத்தேன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கும் முருகேசன், மதுரைக்காரர்.

"என்ன சார், காலையிலேயே?"

"ஒரே ஒரு கேள்வி சார். போனை எங்க சார்ஜ் போடுவீங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதைக் கேக்கவா போன் போட்டீக? வேலைக்கு உள்ள போறப்ப போனைக் கொண்டுபோக விடமாட்டாங்கல்ல சார். கேட்டுக்கு வெளிய டீக்கடையில குடுத்துட்டுப் போயிருவேன். அவரே சார்ஜ் ஏத்தி வெச்சிருவாரு. சாயங்காலம் வாங்குறப்ப ஃபுல்லா இருக்கும். வீட்ல போடுற வேலையே இல்லை."

"உங்க பொண்ணு கல்யாணப் போட்டோ எல்லாம் அந்தப் போன்லதானே இருக்கு?"

"ஆமா சார். அதான் பெட்டில ஏறிருச்சுல்ல?"

"போன்ல இருந்து எதையும் அழிக்காதீங்க. நான் வரேன்" என்றேன். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே "டீக்கடை" என்று எழுதிவிட்டு, சட்டையை எடுத்து மாட்டினேன்.